வெள்ளைச் சட்டை போட்ட இந்தியன்: பிலிப்பைன்ஸில் ஒரு மிஷனரியின் நாள்கள்

மார்மன் மிஷனரி என்றால் பலரும் நினைத்துக்கொள்வது சைக்கிளில் போகும் இரண்டு உயரமான அமெரிக்கப் பையன்களைத்தான். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. நான் கோயம்புத்தூர்க்காரன், உயரமும் இல்லை, வெளுப்பும் இல்லை. 2016 முதல் 2018 வரை பிலிப்பைன்ஸின் லகுனா மாகாணத்தில் அதே சட்டையும் பட்டையுமாக வீடு வீடாகப் போனேன். மதம் பரப்புவது சரியா என்ற விவாதத்துக்குள் இங்கே போகப்போவதில்லை. அதை வேண்டிய அளவு வாசல்களில் நின்று செய்தாயிற்று. ஒரு நாள் எப்படித் தொடங்கும், எப்படி முடியும், இடையில் என்ன தெரிந்திருந்தால் பிழைக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஊழியத்துக்குப் போகாதவர்களுக்கும், அந்நிய ஊரில் அந்நியர்களோடு அறையைப் பங்குபோட்டு வாழப் போகிறவர்களுக்கும் இதில் கொஞ்சம் பயன் இருக்கலாம்.

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. மார்மன் புத்தகத்தை வேதமாக வைத்திருப்பதால் மற்றவர்கள் எங்களை மார்மன் என்றார்கள். 2018இல் சபைத் தலைவர் அந்தப் பெயரை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். ஊரார் இன்னும் விடவில்லை என்பதால் நானும் இங்கே அதையே எழுதுகிறேன். ஆண்கள் 18 வயது முடிந்ததும் மிஷனரி ஊழியத்துக்குப் போகலாம் என்று 2012இல் விதி தளர்ந்தது. நான் போன காலத்தில் பெண்களுக்கு 19. ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை. சம்பளம் கிடையாது. நாமும் குடும்பமும் இயன்றதைக் கட்டுவோம், மீதியைச் சபை நிதி ஏற்கும். எந்த நாடு என்பது நம் கையில் இல்லை. இந்தியப் பையன்களில் பெரும்பாலோருக்கு இந்தியாவுக்குள்ளேயே ஊழியம் அமையும். எனக்குப் பிலிப்பைன்ஸ், மொழி டகலோக் என்று கடிதம் வந்தது.

விண்ணப்பத்தில் மருத்துவப் பரிசோதனையோடு பல் பரிசோதனையும் உண்டு. சிக்கல் தரக்கூடிய கடைவாய்ப் பல்லை முன்பே பிடுங்கிவிடச் சொல்வார்கள். சோம்பல்படாமல் பிடுங்கிக்கொள்ளுங்கள், தீவில் பல்வலி வந்தால் பல்லோடு சேர்த்து, கூடவே இருக்க வேண்டிய உடன் ஊழியரின் நாளும் போய்விடும்.

மிஷனரிகளை முதல் பெயரால் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஆண்களுக்கு எல்டர், பெண்களுக்கு சிஸ்டர், அதோடு குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. ஆகவே இரண்டு ஆண்டுகள் நெஞ்சில் அப்பாவின் பெயரைக் குத்திக்கொண்டு திரிந்தேன். குழந்தைகள்கூட என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் அவர் பெயரை உரக்கச் சொல்லியே பழக்கமில்லாதவனுக்கு அது பழக வெகு நாளாயிற்று.

பயிற்சி மையம் கெஸோன் சிட்டியில், சபையின் மணிலா ஆலயத்துக்கு எதிரே. மொழி கற்க வேண்டியவர்களுக்கு ஏறக்குறைய ஆறு வாரம். பகலெல்லாம் வகுப்பு, மாலையில் ஆசிரியரே வீட்டுக்காரராக நடிக்க, அவருக்குப் பாடம் சொல்லிப் பழகுவோம். வெளியே வந்து, நீட்டிய ஜீப் போல அங்கே ஓடும் பங்கு வண்டியான ஜீப்னியில் முதல்முறை ஏறியதும் அந்த ஆறு வாரத்தில் கற்ற டகலோக் எதற்கும் போதாது என்று தெரிந்துவிடும். ஓட்டுநரிடம் இறங்கும் இடம் சொல்லக்கூட நாக்கு புரளாது. அதனால்தான் புதியவருக்கு முதல் பன்னிரண்டு வாரம் ஒரு பயிற்சியாளர் உடன் இருப்பார். என்னுடையவர் வட லூசோனின் இலோகோஸ் பகுதிக்காரர். டகலோக் அவருக்கும் இரண்டாம் மொழிதான். அது எனக்கு நல்லதாகப் போயிற்று: எங்கே தடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மொழி விஷயத்தில் எனக்குப் பலித்தது இரண்டு. ஒன்று, மார்மன் புத்தகத்தை டகலோக்கில் தினமும் வாய்விட்டு வாசித்தது. பொருள் பாதிதான் புரியும், ஆனால் வாய் பழகும். இரண்டாவது, சாரி-சாரி என்று அங்கே சொல்லும் பெட்டிக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள். பிலிப்பைன்ஸில் ஆங்கிலம் பரவலாகத் தெரியும் என்பதால் நாம் திணறினால் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். பாட்டிகள் மாற மாட்டார்கள். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், திரும்பச் சொல்ல வைப்பார்கள், மரியாதைக்குரிய ‘போ’ சேர்க்காமல் பேசினால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கட்டணமில்லாத ஆசிரியர்கள்.

அன்றாட ஒழுங்கு மிஷனரிகளுக்கான கையேட்டில் உள்ளபடியே நடந்தது. காலை 6:30க்கு எழ வேண்டும், அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, 8 மணிக்குத் தனிப் படிப்பு, 9 மணிக்கு இருவரும் சேர்ந்து படிப்பு, அதன்பின் மொழி. பிறகு வெளியே. இரவு 9 மணிக்குள் வீடு திரும்பி மறுநாளைத் திட்டமிட்டு 10:30க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017 தொடக்கத்தில் இந்த அட்டவணையைக் கொஞ்சம் நெகிழ்த்தினார்கள். ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. லகுனாவின் நடுப்பகல் வெயிலில் யாரும் கதவைத் திறப்பதில்லை என்பதை அறிந்த எங்களுக்கு அது பெரிய நிம்மதி. மொழிப் படிப்பை மதியத்துக்குத் தள்ளிவிட்டோம்.

அட்டவணை எளிது. கடினம் கம்பானியன்.

கம்பானியன் என்பது உடன் ஊழியர். அவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பகுதி மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பாளரான மிஷன் பிரசிடென்ட் நியமிப்பார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும். ஆள் மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம். அதுவரை குளியலறை தவிர வேறு எங்கும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் கேட்கவும் கூடிய தூரத்திலேயே இருக்க வேண்டும். ஒரே அறையில் தூக்கம், ஒரே மேசையில் சாப்பாடு, மழை பெரிதானால் ஒரே குடை. கல்யாணம் ஆனவர்களுக்குக்கூட அலுவலகம் என்று ஓர் ஓட்டம் உண்டு. இங்கே அதுவும் இல்லை.

எனக்கு அமைந்தவர்களில் ஐடஹோ மாநிலத்து விவசாயி மகன் ஒருவர், டோங்கா தீவுக்காரர் ஒருவர், செபுவிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர் மகன் ஒருவர். ஐடஹோக்காரர் பல் துலக்கும்போது ராகம் இழுப்பார். காலை ஆறரைக்கு அது எனக்கு நரகம். விரல்களைச் சொடுக்கிக்கொண்டே படிக்கும் என் பழக்கம் அவருக்கு நரகம் என்பது பிறகு தெரிந்தது. டோங்காக்காரர் அன்பே உருவானவர். ஆனால் குக்கரில் இருவருக்கென்று வைத்த சோறு மூடியைத் திறக்கும்போது ஒருவருக்கானதாக இருக்கும்.

இதற்கென்று சபையில் ஓர் ஏற்பாடு உண்டு. வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, வேலை எப்படிப் போகிறது, ஒருவருக்கொருவர் என்ன குறை என்று பேச வேண்டும். இன்வென்டரி என்பார்கள், கடையில் சரக்குக் கணக்கெடுப்பது மாதிரி. ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடியும், ஆகவே நடுவில் கத்த முடியாது. நான் கற்றது: சின்னக் குறையை அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். “உனக்கு அடுத்தவர் நினைப்பே கிடையாது” என்று சொன்னால் சண்டை. “நீ பாடும்போது என்னால் படிக்க முடியவில்லை, குளியலறைக்குள் பாடேன்” என்று சொன்னால் பாட்டு குளியலறைக்குப் போய்விடும். வேலைப் பங்கீட்டிலும் சமமாகப் பிரிப்பதைவிட, யாருக்கு எது குறைவாக வெறுப்பு என்று பார்த்துப் பிரிப்பது நிலைத்தது. எனக்குச் சமைப்பதில் அலுப்பில்லை, ஐடஹோக்காரருக்குப் பாத்திரம் கழுவுவதில் அலுப்பில்லை. இருவரும் குளியலறை கழுவுவதை வெறுத்ததால் அதற்கு மட்டும் முறை வைத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபம் முதலில் நடையில் தெரியும். ஒருவர் பத்தடி முன்னால் போய்க்கொண்டே இருந்தால் அன்று ஏதோ சரியில்லை. அப்போது அடுத்த வீட்டுக்குப் போகாமல் கடையில் நின்று ஆளுக்கொரு இளநீர் குடித்தால் மாலைக்குள் பேச்சு திரும்பிவிடும். லகுனா தென்னை நாடு, இளநீருக்குப் பஞ்சமில்லை.

இனி என் நிறத்தின் கதைக்கு வருகிறேன். அமெரிக்கக் கம்பானியனோடு போனால் குழந்தைகள் “ஹே ஜோ” என்று ஓடி வருவார்கள். பிலிப்பினோவோடு நான் போனால் சில தெருக்களில் கதவுகள் மூடிக்கொண்டன. காரணம் புரிய நாளாயிற்று. பிலிப்பைன்ஸில் இந்தியர்களுக்குப் பும்பாய் என்று பெயர். பும்பாய் என்றால் ஊராருக்குத் தெரிந்தது மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிப் பணம் வசூலிக்கும் பஞ்சாபிக்காரர். ஃபைவ்-சிக்ஸ் என்பார்கள்: ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பித் தர வேண்டும். வங்கி வாசலை மிதிக்க முடியாத காய்கறிக்காரிக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் அவரே வங்கி. குடை, கொசுவலை, மின்விசிறியும் தவணையில் தருவார். அழும் பிள்ளையிடம் “பும்பாய் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான்” என்று சொல்வது அங்கே பழைய வழக்கம். அப்படியிருக்க, ஓர் இந்தியன் கையில் சின்ன நோட்டோடு வாசலில் வந்து நின்றால் தவணை பாக்கியுள்ளவர் என்ன செய்வார்? பின்வாசல் வழியாகப் போவார்.

காலமும் எங்களுக்கு ஒத்து வரவில்லை. 2016 ஜூன் 30 அன்று துதெர்தே ஜனாதிபதியானார். போதைப்பொருள் ஒழிப்பு என்று போலீஸார் வீட்டு வாசல்களைத் தட்டத் தொடங்கினார்கள். தோகாங் என்ற அந்த நடவடிக்கையின் பெயரே தெருவில் பீதியைக் கிளப்பியது. இரவில் ஆள்கள் சுடப்பட்ட செய்திகள் அன்றாடம் வந்தன. இருட்டும் நேரத்தில் முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் ஒரு வீட்டைத் தேடி வருவதை யாரும் விரும்பவில்லை. அதன்மேல் 2017 தொடக்கத்தில் ஃபைவ்-சிக்ஸ்காரர்களைக் கைது செய்யும்படி ஜனாதிபதியே உத்தரவிட்டார். அந்த வாரங்களில் வழியில் பார்த்தவர்கள் என்னிடம் “இன்னும் உன்னைப் பிடிக்கவில்லையா?” என்று கேலியாகக் கேட்டார்கள். கேலிதான், ஆனால் பாஸ்போர்ட் நகலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

செய்த மாற்றங்கள் எல்லாம் சின்னவை. நாள்குறிப்பு நோட்டைக் கையில் பிடிப்பதை நிறுத்திப் பைக்குள் வைத்தேன். நோட்டுதான் வட்டிக்காரரின் அடையாளம். வாசலில் முதலில் நானே பேசினேன், அதுவும் டகலோக்கில். பும்பாய் டகலோக் பேசுவதில் அதிசயமில்லை, பல வட்டிக்காரர்கள் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் பெயர்ப் பட்டையைத் தொட்டுக் காட்டிச் சபையின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் முகம் தளர்வதைப் பார்க்கலாம். முடிந்தவரை அறிமுகத்தோடு போனோம்: “மூன்றாவது வீட்டு அம்மா சொல்லி வந்தோம்.” இருட்டிய பின் புதிய வீடுகளுக்குப் போவதை விட்டோம். கூடைப்பந்து ஆடினோம். அங்கே ஒவ்வொரு பரங்காயிலும், அதாவது ஊராட்சி அளவிலான பகுதியிலும், ஒரு கூடைப்பந்துத் திடல் இருக்கும். பந்து ஆடத் தெரியாத இந்தியனைப் பார்த்து ஒரு தெருவே சிரித்துவிட்டால் பிறகு அந்தத் தெருவில் யாரும் பயப்படுவதில்லை. பயத்தைக் குறைப்பதற்கு நான் ஆடிய மோசமான ஆட்டம் எந்தப் பாடத்தையும்விட அதிகம் உதவியது.

அங்கே கதவைத் தட்ட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று “தாவ் போ” என்று குரல் கொடுக்க வேண்டும். நாய் வரும். குனிந்து கல் எடுப்பதாகப் பாவனை செய்தால் போதும், நம் ஊர் நாய்களுக்கும் அங்குள்ள நாய்களுக்கும் இந்த விஷயத்தில் ஒரே புரிதல். கடித்துவிட்டால் வேடிக்கை இல்லை. ரேபிஸ் அங்கே உயிரைக் குடிக்கும் நோய், அன்றே ஊசிக்குப் போக வேண்டும். உள்ளே போனதும் செருப்பைக் கழற்ற வேண்டும், பெரியவர் இருந்தால் அவர் கையை எடுத்து நம் நெற்றியில் ஒற்ற வேண்டும். இது நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத பண்பாடு. ஐடஹோக்காரர் பல மாதம் வெட்கப்பட்டதை நான் முதல் வாரத்திலேயே செய்தேன்.

ஆனால் ‘சரி’ என்ற பதில் நம்மையும் ஏமாற்றும். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறீர்களா என்றால் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். “முயற்சி செய்கிறேன்” என்றால் வர மாட்டார்கள் என்று பொருள். “எத்தனை மணிக்கு, எந்த ஜீப்னி?” என்று திருப்பிக் கேட்டால் வரலாம். நம் ஊர் ‘பார்க்கலாம்’ தெரிந்தவனுக்கு இதில் கோபம் வருவதில்லை. அமெரிக்கப் பையன்கள்தான் ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புவார்கள். சாப்பாட்டுக்கும் இதே கணக்கு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வழியில் போகிறவரையும் சாப்பிட வாருங்கள் என்பார், அது மரியாதை. நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டாம் முறை அழைத்தால் அது அழைப்பு. மறுத்தால் வருந்துவார்கள்.

சாப்பாட்டில் நான் பாக்கியவான். புளி போட்ட சினிகாங் குழம்பைக் கண்டு கண்ணில் நீர் வந்தது, காரமில்லாத ரசம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சான் பாப்லோ நகரத்து ஏழு ஏரிகளில் பெரியதன் பெயரே புளியமரத்தின் பெயர்தான், சம்பாலோக். வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க வீடுகளில் பாசிப்பயறு வேகும், அதில் முருங்கைக்கீரை சேரும். காயை எங்கள் பக்கத்தில் யாரும் சமைக்கக் காணோம், மரத்திலேயே முற்றிக் காய்ந்தது. கருவாடும் சோறும் காலை உணவு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னாலும் பயற்றில் பன்றிக்கறி ஒரு துண்டு மிதக்கும். பன்றி இரத்தத்தில் செய்யும் தினுகுவானும், குஞ்சு உருவான முட்டையான பலூத்தும் வரும். பலூத்தை நான் ஒருமுறை சாப்பிட்டேன். அதுவே தாராளம்.

காபி, டீ, மது, புகையிலை எங்களுக்கு இல்லை. கோயம்புத்தூரில் காபி குடிக்காமல் வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. கல்யாண வீடுகளில் பழகியாயிற்று. ஏழை வீட்டில் விருந்தாளிக்கென்று ஒரு காபிப் பொட்டலத்தை வாங்கி வந்து கரைக்கத் தொடங்கிய பிறகு மறுப்பது கொடுமை. ஆகவே உட்கார்ந்த உடனே, அடுப்பை நோக்கி ஒருவரும் நகர்வதற்கு முன்பே, “தண்ணீர் மட்டும் போதும், தாகமாக இருக்கிறது” என்று கேட்டுவிட வேண்டும். தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. தெருவுக்குத் தெரு சுத்திகரித்த நீர் நிரப்பித் தரும் கடைகள் உண்டு, பெரிய நீலக் கேனில் வீட்டுக்கே கொண்டுவருவார்கள்.

மிஷனரி வேலை என்றால் பேசிக்கொண்டே இருப்பது என்று நினைத்துப் போனேன். சில மாதங்களில் பாதி வேலை சான்றிதழ்களாக இருந்தது. சபையில் ஞானஸ்நானம் பெற, சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் சட்டப்படி மணந்திருக்க வேண்டும். லகுனாவின் ஏழைக் குடும்பங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து பேரப்பிள்ளை கண்ட பிறகும் பதிவுத் திருமணம் செய்யாதவர்கள் நிறையப் பேர். கல்யாணச் செலவுக்குப் பயந்தவர்கள். அவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இதற்கு முன் மணமாகவில்லை என்ற சான்றிதழ் வேண்டும், இரண்டையும் புள்ளிவிவர ஆணையம் தர வேண்டும். பிறப்பே பதிவாகாதவர் என்றால் அது தனிக் கதை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தடையின்றிச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு உரிமம் இல்லாமலே மணம் முடிக்கச் சட்டத்தில் வழி உண்டு. உறுதிமொழிப் பத்திரம் போதும். நகராட்சிகள் நடத்தும் கூட்டுத் திருமணத்தில் சேர்ந்தால் செலவு இன்னும் குறையும். இதெல்லாம் எனக்கு டகலோக் வினைச்சொற்களைவிட நன்றாகப் பாடமாயிற்று. எழுபதை நெருங்கிய ஒரு தாத்தா மாப்பிள்ளைச் சட்டை போட்டு நகர மண்டபத்தில் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். பாட்டி உதட்டுச் சாயம் பூசியிருந்தார்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. பிலிப்பைன்ஸில், முஸ்லிம்களுக்கான சட்டம் நீங்கலாக, விவாகரத்து கிடையாது. இளவயதில் மணந்தவரை விட்டு என்றோ பிரிந்து, இன்னொருவரோடு நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறவருக்கு மணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினால்தான் வழி. அதற்கு ஆகும் பணம் அவர்கள் ஆண்டு வருமானத்தைத் தாண்டும். ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்து நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போகும் ஒரு பெண்மணி இப்படி நின்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ஞாயிறு இரவு வாராந்தரக் கணக்குக் கொடுக்கும்போது, எத்தனை பாடம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை ஞானஸ்நானம் என்ற கட்டங்களில் அவர் எதிலும் சேராமல் போவார். எண்கள் தேவைதான், இல்லாவிட்டால் சோம்பிவிடுவோம். ஆனால் எண்ணை மட்டும் பார்க்கும் மிஷனரி சீக்கிரம் கசந்துபோவான், நான் பார்த்திருக்கிறேன்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜூன் முதல் நவம்பர் வரை ஷூ காயாது. இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நனைந்தால் ஒன்று. உள்ளே செய்தித்தாளைத் திணித்துவைத்தால் காலைக்குள் அரைக்காய்ச்சலாகக் காயும். வெள்ளத் தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். மருத்துவர் சொன்ன மாத்திரையை விழுங்கிவிட்டு நடக்க வேண்டும், அல்லது நடக்காமல் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை எண் ஏறினால் வெளியே போகத் தடை. மூன்று நாளுக்கான உணவு, தண்ணீர், டார்ச், முதலுதவி அடங்கிய பை எப்போதும் தயாராக இருக்கும்.

2016 கிறிஸ்துமஸ் அன்று மாலை நீனா புயல் கட்டந்துவானெஸ் தீவில் கரையேறியது. அந்நாளில் வீட்டோடு பேச ஆண்டுக்கு இரண்டே வாய்ப்புகள்: கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். இந்திய நேரம் இரண்டரை மணி பின்தங்கியது என்பதால் நான் 25ஆம் தேதியே சபைக் குடும்பம் ஒன்றின் வீட்டில் கணினி முன் உட்கார்ந்து பேசிவிட்டேன். ஐடஹோவில் கிறிஸ்துமஸ் மாலை என்றால் எங்களுக்கு 26 காலை. அதற்குள் காற்று எங்கள் பக்கம் வந்து மின்சாரம் போய்விட்டது. கம்பானியன் பகல் முழுவதும் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். நான் என் வீட்டார் பேசியதைச் சொல்லி ஆறுதல் தரப் பார்க்கவில்லை. சோறு வடித்து முட்டை பொரித்துக் கொடுத்தேன். சில நாள் கழித்து வீட்டோடு பேச அவருக்கு அனுமதி கிடைத்தது. காற்று ஓய்ந்ததும் சபையின் உதவிப் பணிக்கான மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு விழுந்த தென்னைகளை வெட்டி இழுத்தோம். அந்த வாரம் எந்த வாசலிலும் யாரும் என்னைப் பும்பாய் என்று பார்க்கவில்லை. நான் திரும்பிய பின், 2019 பிப்ரவரியில், வாரந்தோறும் வீட்டோடு பேசலாம் என்று விதி மாறியது. மிக நல்ல மாற்றம். பேசாதிருந்தால் மனம் உறுதிப்படும் என்ற பழைய வாதத்தை நான் நம்பியதே இல்லை.

திங்கள்கிழமை எங்கள் விடுப்பு நாள், மாலை ஆறு மணி வரை. துணி துவைப்பது, சந்தை, மின்னஞ்சல், முடிவெட்டு. மாதப் பணம் அட்டையில் வரும். மூன்றாம் வாரத்தில் டிரைசைக்கிள் (மோட்டார் சைக்கிளோடு பக்கப் பெட்டி மாட்டிய வண்டி) கட்டணம் அதைத் தின்றுவிட்டிருக்கும். வந்த அன்றே வழிச்செலவை வாரவாரியாக உறைகளில் போட்டுவைத்தால் கடைசி வாரத்தில் டின் மத்தி மீனோடு மட்டும் வாழ வேண்டியிருக்காது. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டைக்குச் சவக்காரக் கட்டியும் கையும்தான் சரி. வாளித் தண்ணீரில் குவளையால் குளிக்கக் கற்றுக்கொள்ள நமக்கு யாரும் வேண்டாம், டோங்காக்காரருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

கடைசி மாதங்களில் மனம் வீட்டுக்கு ஓடத் தொடங்கும். அந்த நிலைக்கு ஊழியக்காரர்களிடையே டிரங்கி என்று பெயர், பெட்டி கட்டிவிட்டான் என்ற அர்த்தத்தில். அதற்கு நான் கண்ட மருந்து, கடைசி டிரான்ஸ்ஃபரில் புதியவருக்குப் பயிற்சியாளராக இருப்பது. அவருக்கு ஜீப்னியில் இடம் சொல்லத் தெரியாது, நமக்கு ஏங்க நேரம் இருக்காது.

ஊர் திரும்பியதும் எங்கள் பகுதிச் சபைத் தலைவர் முறைப்படி விடுவித்தார், பெயர்ப் பட்டையைக் கழற்றினேன். இதற்குப் பிறகான முதல் மாதங்களைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. தனியாகக் கடைக்குப் போகக் கூச்சமாக இருந்தது. யாரோ பின்தங்கிவிட்டார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கைப்பேசியில் நண்பர்கள் பேசிய பாதி விஷயம் புரியவில்லை. பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வந்த வாரமே உறவினர் வீடுகளுக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.

வேலைக்கான நேர்காணல்களில் இரண்டு ஆண்டு இடைவெளியைப் பற்றிக் கேட்பார்கள். மதப் பணி என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி மதத்தைப் பற்றியதாகிவிடும். வெளிநாட்டில் தன்னார்வப் பணி, புதிய மொழி ஒன்றில் சரளம், புதியவர்களுக்குப் பயிற்சி, வாராந்தர அறிக்கை என்று வேலையாகச் சொன்னால் அவர்களுக்குப் புரியும், எல்லாமே உண்மையும்கூட. ஒருவர் என்னை விற்பனைப் பிரிவுக்கு அழைத்தார். நான் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் போவதா, நடுவில் போவதா என்று சபைப் பையன்கள் இப்போதும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல கல்லூரிகள் இடத்தைப் பிடித்துவைத்து ஊழியத்துக்கு அனுப்புகின்றன. நம் கல்லூரிகளில் நடுவில் விட்டுத் திரும்பச் சேர்வது அலைச்சல், பாடத்திட்டமே மாறியிருக்கும். நான் பி.காம். கடைசித் தேர்வை எழுதி, மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அதையே செய்யச் சொல்கிறேன்.